ரெண்டு கிராம் துலாபாரம்

அலிபிரிக்குப் போகிற ரோட்டில்தான் எங்கள் வீடு இருந்தது. அங்கிருந்து மலைக்கு 3,550 படி, சுமார் ஒன்பது கிலோமீட்டர் நடை. விடியற்காலை நாலரைக்கே வெளியூர் பஸ்கள் ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கும். பாதால மண்டபத்தில் பாதுகைகளைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றி வருவார்கள், அப்புறம் முதல் படியில் மஞ்சள் குங்குமம். எதிர்சாரி டீக்கடையில் குழாய் ஸ்பீக்கரில் எம்.எஸ்.ஸின் சுப்ரபாதம் தேய்ந்த கேசட்டில் இழுத்துக்கொண்டு ஓடும்.

வீட்டுக்குள் அப்பா அதே சுப்ரபாதத்தை எல்.பி.யில் போடுவார். "வெளியிலேயே கேக்குதே, கரண்ட் எதுக்கு தண்டம்?" என்று அம்மா கேட்டால், "அது கடைக்கு, இது வீட்டுக்கு" என்பார். அதற்கு மேல் அந்த வாதம் நகர்ந்ததே இல்லை.

அப்பாவிடம் மொத்தம் பதினெட்டு எல்.பி. இருந்தது. அதில் ஆறுதான் பொக்கிஷம். ஒன்று 1963-ல் எச்.எம்.வி. வெளியிட்ட சுப்ரபாதம். மற்ற ஐந்தும் சேர்ந்து 'ஸ்ரீ வேங்கடேஸ்வர பாலாஜி பஞ்சரத்னமாலா'. பி.வி.ஆர்.கே. பிரசாத் நிர்வாக அதிகாரியாக இருந்த நாட்களில், 1980-ஐ ஒட்டி, தேவஸ்தானத்தின் முயற்சியில் வந்த தொகுப்பு. அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளை நம்மில் பலர் முதல்முதலாகக் கேட்டது அந்த ஐந்து தட்டுகளில்தான்.

அப்பா போன பிறகு அம்மா திருப்பதி வீட்டைக் காலி செய்துவிட்டு அக்காவுடன் சென்னைக்குப் போனாள். தட்டுகளும் எச்.எம்.வி. பெட்டி பிளேயரும் எனக்கு வந்தன. கைப்பையில் வைத்து, மடியை விட்டு இறக்காமல் மினியாபொலிஸ் வரை கொண்டுவந்தேன். நான் சொல்லப்போகிற விஷயம் அதற்குப் பிறகு நடந்தது.

முதல் நாளே ஒரு காமெடி. அந்தப் பிளேயருக்கு 230 வோல்ட் வேண்டும், இங்கே 120. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். என்ஜினியர் ஆயிற்றே, எல்லாம் தெரிந்த நினைப்பு. தட்டைப் போட்டால் எம்.எஸ். கீச்சுக் குரலில் ஓட்டமாக ஓடுகிறார்! அம்மாவுக்குப் போனில் கேட்க வைத்தேன். "யாருடா இது, பக்கத்தாத்துக் குழந்தையா பாடறது?" என்று சிரித்தாள்.

காரணம் எளிது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. கரண்டின் துடிப்பை வைத்துச் சுற்றுகிற மோட்டார் இங்கே இருபது சதவீதம் வேகமாகச் சுற்றும். சுருதியில் அது ஏறக்குறைய மூன்று ஸ்வர ஸ்தானம். நாலரைக் கட்டை ஆறு கட்டை ஆகிவிடும். இருபது நிமிஷப் பாட்டு பதினேழு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பாட்டி வீட்டுப் பிளேயரை வளைகுடாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவருகிறவர்கள் கவனிக்க :)

சரி, இனி நல்லதாகவே ஒன்று வாங்குவோம் என்று முடிவு செய்தேன். ஆறு மாதம் படித்தேன், விசாரித்தேன். கடைசியில் ஒருவரிடமிருந்து செகண்ட்ஹேண்டாக, அந்தக் காலத்தில் பெரிய இடத்துப் பிள்ளைகள் மட்டுமே வைத்திருந்த ரகத்தில், பெல்ட்டில் ஓடுகிற கனமான டர்ன்டேபிள் ஒன்றை வாங்கினேன். ஒன்பது அங்குல டோன் ஆர்மும் காந்தக் கார்ட்ரிட்ஜும் அதிலேயே இருந்தன. விலையை இங்கே எழுதினால் வீட்டம்மா படித்துவிடுவார். நம்ம ஊர் ஸ்கூட்டர் ஒன்று வாங்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். கண்ணளவில் மட்டமாக இருந்தது. கார்ட்ரிட்ஜுக்கு 1.8 கிராம் எடை கொடுக்க வேண்டும் என்று அதன் காகிதத்தில் போட்டிருந்தது. நான் ஒரு கிராம் வைத்தேன். ஏன்? அப்பாவின் தட்டாயிற்றே, மெல்லமாகத் தொடட்டும் என்றுதான். எடை குறைந்தால் தேய்மானமும் குறையும் என்று என் மூளை கணக்குப் போட்டது.

பஞ்சரத்னமாலாவில் ஒரு தட்டை மட்டும் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் போட்டேன். ஒரு மாதம் இருக்கும். மூன்றாவது வாரத்தில் 'ஸ' வரும் இடமெல்லாம் 'ஷ்ஷ்' என்று சீற ஆரம்பித்தது. உரத்துப் பாடும் இடங்களில் பிசிறு. தட்டின் உள்பக்கம் போகப்போக இன்னும் மோசம்.

அப்போது என் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது. "அப்பா அந்த ஓட்டை பிளேயரில் போட்டுப் போட்டுத் தட்டைப் பாழ் பண்ணி வைத்திருக்கிறார்."

பிறகு பொறுமையாக எல்லாவற்றையும் அளந்து, புது ஊசி மாட்டி, சரியாகப் பொருத்தினேன். மற்ற நான்கு தட்டுகளையும் சுப்ரபாதத்தையும் போட்டேன். அங்கங்கே சின்னச் சின்ன 'டப் டப்' தவிரக் குரல் சுத்தமாக, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் வந்தது. எல்லாமே அப்பாவின் அதே 'ஓட்டை பிளேயரில்' இருபது வருஷம் ஓடியவை. நான் ஒரு மாதம் ஆசையாகப் போட்ட அந்த ஒரு தட்டில் மட்டும் பிசிறு அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது. பாழ் பண்ணியது யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எடை குறைந்தால் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டு எகிறும், எகிறிய ஊசி திரும்ப வந்து இடிக்கும். வைரத்தால் பிளாஸ்டிக்கை இடித்தால் எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் கூடுதலான எடையைவிடக் குறைவான எடைதான் தட்டுக்கு ஆபத்து. இது எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

ஆகவே என் கட்சி இதுதான்: உயர்ரக டர்ன்டேபிளில் உயர்வானது அதன் விலை அல்ல, அதைப் பொருத்துகிற கை. லட்ச ரூபாய் ஆர்மைத் தப்பாகப் பொருத்துவதைவிடப் பத்தாயிரம் ரூபாய் ஆர்மைச் சரியாகப் பொருத்துவது மேல். சரியாகப் பொருத்தத் தெரியாதவரை பெற்றோரின் தட்டுகளைத் தொடாமல் இருப்பது எல்லாவற்றிலும் மேல்.

"சும்மா சொல்லாதே, என்னதான் பொருத்தணும்?" என்பவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். இங்கே மர வீடுகள். என் பையன் கூடத்தில் ஓடினால் ஊசி குதிக்கும். டர்ன்டேபிளைத் தரையிலிருந்து எடுத்துச் சுவரில் முடுக்கிய பலகைக்கு மாற்றினேன், குதிப்பது நின்றது. ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே பலகையில் இருக்கக் கூடாது. ஸ்பீக்கரின் அதிர்வு ஊசி வழியாகத் திரும்பவும் ஸ்பீக்கருக்கே போகும். அப்புறம் கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றை வாங்கித் தட்டு சுற்றும் மேடையில் இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். கண்ணளவு ஏமாற்றும்.

அடுத்தது வேகம். 33⅓ சுற்று சரியா என்று பார்க்கக் கோடுகள் போட்ட வட்டக் காகிதம் கிடைக்கும். 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 180 கோடு, 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 216 கோடு. மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கிற விளக்கின் கீழே பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் நகராமல் நிற்கும். சுருதி சுத்தம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம் இதைப் பார்க்காமல் இருக்கலாமா?

மூன்றாவது எடை. டோன் ஆர்ம் என்பது ஒரு துலாக்கோல். பின்னால் இருக்கும் எடைக்கல்லைத் திருகி, ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் அந்தரத்தில் மிதக்கும்படி முதலில் வைக்க வேண்டும். அதுதான் பூஜ்யம். அதிலிருந்து கார்ட்ரிட்ஜ் செய்தவர்கள் சொன்ன எடையைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து இரண்டரை கிராமுக்குள் இருக்கும். ஆர்மில் உள்ள எண்களை நம்பாமல் தனியாக ஒரு சின்ன டிஜிட்டல் தராசில் சரிபாருங்கள். திருமலையில் குழந்தையைத் துலாபாரத்தில் உட்காரவைத்து எடைக்கு எடை வெல்லம் கொடுப்பார்கள். இங்கே துலாபாரத்தின் மொத்த எடையே ரெண்டு கிராம். அதற்குள் எண்ணூறு மில்லிகிராம் தப்பு செய்துவிட்டுத்தான் நான் அப்பாவைக் குறை சொன்னேன்.

நான்காவதுதான் கஷ்டமானது, கோணம். தொழிற்சாலையில் மூலத்தட்டை வெட்டுகிற ஊசி வெளியிலிருந்து மையம் நோக்கி நேர்கோட்டில் போகும். நம் ஆர்மோ ஒரு முனையில் கட்டப்பட்டிருக்கிறது, கதவுபோல் வளைவாகத்தான் போக முடியும். அதனால் தட்டு முழுவதும் ஊசி பள்ளத்தோடு ஒத்துப்போக வழியே இல்லை. இரண்டே இரண்டு இடங்களில் மட்டும் துல்லியமாக ஒத்துப்போகும்படி கார்ட்ரிட்ஜை முன்னும் பின்னும் நகர்த்தி, லேசாகத் திருப்பி வைக்கலாம். 1938-ல் லோஃப்கிரேன், 1941-ல் பேர்வால்ட் ஆகியோர் போட்ட கணக்கு இது. பலரும் பின்பற்றுகிற பேர்வால்ட் கணக்கில் அந்த இடங்கள் மையத்திலிருந்து சுமார் 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் வரும். இதற்கான அளவுத்தாள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் காது கண்டுபிடிக்கும்.

எங்கே கண்டுபிடிக்கும் என்பதுதான் நம் ஆட்களுக்கு முக்கியம். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே பள்ளம் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடும். லேபிளுக்கு அருகே அது 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் அடைத்திருக்கிறார்கள், அதனால் கோணத் தவறு உள்பக்கத்தில்தான் பளிச்சென்று தெரியும். சுப்ரபாதத்தில் கடைசியாக வருவது எது? மங்களாசாசனம். கச்சேரித் தட்டென்றாலும் முடிவில் வருவது மங்களம்தான். நல்லபடியாக முடிய வேண்டிய இடத்தில்தான் சோம்பேறித்தனமாகப் பொருத்திய ஆர்ம் கரகரக்கும்.

இன்னும் மூன்று சின்ன விஷயங்கள். ஆர்முக்கு உள்பக்கம் இழுபடுகிற குணம் உண்டு, அதை எதிர்க்க ஒரு திருகு இருக்கும். ஊசி எடைக்குச் சமமான எண்ணில் ஆரம்பியுங்கள். வலது ஸ்பீக்கரில் மட்டும் பிசிறு தட்டினால் பெரும்பாலும் அதைக் கூட்ட வேண்டும். ஓடும்போது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஆர்ம் தட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால், ஒரு கண்ணாடித் துண்டில் ஊசியை இறக்கும்போது ஊசியும் அதன் பிம்பமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

பராமரிப்பு வேலை கொஞ்சம்தான், ஆனால் விடாமல் செய்ய வேண்டும். மின்னசோட்டா குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று எலும்பு வரை உலர்த்தும். தட்டை உறையிலிருந்து எடுத்தாலே சடசடவென்று மின்சாரம், ஊரில் உள்ள தூசியெல்லாம் அதில் ஒட்டும். கார்பன் நார் பிரஷ்ஷால் ஒவ்வொரு முறையும் துடைக்கிறேன், அறையில் ஈரப்பதக் கருவி ஓடுகிறது. ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் துடைத்தால் ஊசித்தண்டு போயே போச்சு. வைர ஊசிக்கும் ஆயுள் உண்டு, ஐந்நூறிலிருந்து ஆயிரம் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட்ஹேண்டில் வந்த ஊசியை, விற்றவர் சத்தியமே செய்தாலும், மாற்றிவிட்டுத்தான் முதல் தட்டைப் போட வேண்டும்.

இந்த இடத்தில் அப்பாவுக்கு நியாயம் செய்தாக வேண்டும். அவருடைய பிளேயரின் ஊசி கனமானது, சந்தேகமில்லை. ஆனால் வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். சைக்கிளைத் துடைப்பார், தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவார், பிளேயருக்குப் புது ஊசி மாட்டுவார். பழையதைக் காகிதத்தில் மடித்துத் தூரப் போடுவார். "ஊசி மழுங்கினா உளி" என்பார். கூம்பு முனை ஊசி பள்ளச் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தேய்க்கும். இன்றைய கூர்மையான முனைகள் அந்த உயரத்தில் நிற்காமல் வேறு பகுதியையும் தொட்டுப் படிக்கும். அதனால் அவருடைய தேய்மானத்தைத் தாண்டிக் குரல் எனக்குக் கிடைக்கிறது. நான் செய்த சேதத்தை எந்த ஊசியும் தாண்டவில்லை.

"யூட்யூபில் இலவசமாக வருகிறது, இவ்வளவு பாடு எதற்கு?" என்ற கேள்வி வரும். எங்கள் வீட்டிலேயே வந்தது. நியாயமான கேள்விதான். பாட்டு மட்டும் போதுமென்றால் யூட்யூபே போதும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அன்னமாச்சாரியாரின் செப்பேடுகள்தான் ஞாபகம் வரும்.

அவர் காலம் 1408 முதல் 1503 வரை. முப்பத்திரண்டாயிரம் கீர்த்தனைகள் பாடினார் என்பது மரபு. அவருடைய பிள்ளைகளும் பேரன்களும் அவற்றைச் செப்புத் தகடுகளில் வெட்டித் திருமலைக் கோயிலுக்குள் ஓர் அறையில் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை வெளியே வந்தபோது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ராகத்தின் பெயர் இருந்தது. மெட்டு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற வித்வான்கள் நூற்றுக்கணக்கில் புதிதாக மெட்டமைத்த பிறகுதான் அவை மறுபடியும் பாட்டாயின.

செம்பு சொல்லைக் காப்பாற்றியது, குரலைக் காப்பாற்ற அதற்கு வழியில்லை. வினைல் குரலையே காப்பாற்றியிருக்கிறது. இரண்டும் கூர்முனையால் பள்ளம் வெட்டிய வேலைதான். ஒரு வித்தியாசம்: செப்பேட்டை ஆயிரம் பேர் படித்தாலும் எழுத்து போகாது, எல்.பி.யை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் துளித் துளியாகச் செலவு செய்கிறோம். ஆகவே படிக்கிற ஊசிதான் காவல்காரன். யூட்யூபில் ஏற்றியிருப்பதும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு பிரதியிலிருந்து ஏற்றியதுதானே? அவர் ஆர்மை எப்படிப் பொருத்தியிருந்தார் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் ஆறு தட்டுகளையும் ஒழுங்காகப் பொருத்தி, ஒரே ஒரு முறை போட்டு, டிஜிட்டலில் பதிந்து வைத்துவிட்டேன். தினசரி கேட்பது அதைத்தான். தட்டு விசேஷ நாளில் மட்டும் சுற்றும்.

எதிர்ப்பக்கத்துக் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. இங்கே சில நண்பர்கள் பல்லாயிரம் டாலரில் டர்ன்டேபிள் வைத்திருக்கிறார்கள், ஸ்பீக்கர் வயருக்கே ஒரு மாதச் சம்பளம். தராசு இருக்கிறதா என்றால் இல்லை. 1970-களில் ஸ்காட்லாந்தின் லின் கம்பெனி, தட்டிலிருந்து எடுக்கும்போதே தவறியதைப் பின்னால் எந்த ஸ்பீக்கரும் திருத்த முடியாது என்று வாதாடியது. உண்மைதான். அந்த வாதத்தை முழுதாக எடுத்துக்கொண்டால், முதல் செலவு டர்ன்டேபிள் அல்ல, ரசமட்டமும் தராசும் அளவுத்தாளும்தான். மூன்றும் சேர்ந்து ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடுகிற செலவுக்குள் அடங்கும். நல்ல ஆர்ம் காசுக்கு மதிப்புள்ளது, அதன் தாங்கிகள் ஆடாமல் பிசகாமல் இருக்கும், நாம் வைத்த அளவு வைத்தபடி நிற்கும். ஆனால் தப்பாக வைத்த அளவும் அதில் அப்படியே நிற்கும்!

போன ஆயுத பூஜைக்குப் புது ஊசி மாட்டினேன். தராசு, ரசமட்டம், அளவுத்தாள் மூன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்ததைப் பார்த்து, "இதெல்லாம் சாமியாப்பா?" என்றான் பையன். ஆமாம் என்றேன். அம்மாவுக்குப் போன் போட்டு சுப்ரபாதத்தைக் கேட்க வைத்தேன். மங்களாசாசனம் முடிந்து ஊசி தூக்குகிற வரை பேசாமல் இருந்தாள்.

"நம்மாத்துத் தட்டு மாதிரியே இருக்குடா" என்றாள்.

"நம்மாத்துத் தட்டுதாம்மா."

"அந்த இன்னொண்ணு? நீ அடிக்கடி போடுவியே, அதைப் போடேன்."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அது கெட்டுப்போய்விட்டது, நான்தான் கெடுத்தேன் என்று அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். "போறது போ, அப்பாவும் ஆரம்பத்துல ஒண்ணைப் பாழ் பண்ணினார், அப்புறம்தான் ஒழுங்கா ஊசி மாத்த ஆரம்பிச்சார்" என்றாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் நாலு தட்டு இருக்கும். எடுத்துத் துடைத்து, நிறுத்தி வையுங்கள், படுக்கப் போடாதீர்கள். போட்டுக் கேட்பதற்கு முன்னால் தராசு வாங்குங்கள்.

பி.கு.: அந்த ஒரு தட்டின் நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால், விலைக்குக் கேட்கவில்லை. ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுப் போகிறேன். தராசை நானே கொண்டுவருவேன்.